ஹைக்கூவா, சென்ரியுவா, தன்காவா? ஜப்பானியக் குறுங்கவிதைகளை இனம்பிரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

முதலில் இந்தக் கவிதையைப் படியுங்கள்.

உழைக்கிறேன்
உழைத்தும் என் பிழைப்பு இன்னும் லேசாகவில்லை
கைகளையே உற்றுப் பார்க்கிறேன்

மூன்று வரி, சுருக்கமான பேச்சு, கடைசியில் ஒரு காட்சி. நம்மில் பலர் யோசிக்காமல் ஹைக்கூ என்று சொல்லிவிடுவோம். ஆனால் இது தன்கா. எழுதியவர் இஷிகாவா தகுபொகு (1886–1912). 1910-ல் வெளிவந்த 'ஒரு பிடி மணல்' என்ற தொகுப்பில் தன்காக்களை அவர் மூன்று மூன்று வரிகளாகவே உடைத்து எழுதினார்.

மூன்று வரியில் எழுதியதெல்லாம் ஹைக்கூ என்ற பழக்கம் தமிழில் ஆழமாக வேரூன்றிவிட்டது. அதனால் நல்ல சென்ரியு, அதாவது மனிதர்களைக் குறிவைக்கும் குறுங்கவிதை, எழுதுகிறவர்கள்கூடத் தாங்கள் எழுதுவது சென்ரியு என்று தெரியாமலே எழுதுகிறார்கள். இந்த வடிவங்கள் எந்த இடத்திலிருந்து, எந்தத் தேவைக்காகப் பிறந்தன என்று தெரிந்தால் போதும், வேறுபாடுகளை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது. அந்த வரிசையிலேயே போவோம்.

படி 1: வரிகளை விடுங்கள், ஒலியை எண்ணுங்கள்

ஜப்பானில் ஹைக்கூவை வழக்கமாக ஒரே வரியில், மேலிருந்து கீழாக அச்சிடுவார்கள். மூன்று வரி அமைப்பு பெரும்பாலும் மேலைநாட்டு மொழிபெயர்ப்புகள் வழியாக நமக்கு வந்தது. அவர்கள் எண்ணுவது வரியை அல்ல, 'ஒன்' எனப்படும் ஒலியலகை. ஹைக்கூவுக்கும் சென்ரியுவுக்கும் 5-7-5, மொத்தம் 17. தன்காவுக்கும் கியோகா என்ற நையாண்டிக் கவிதைக்கும் 5-7-5-7-7, மொத்தம் 31. தொதொயிட்சு என்ற பாட்டு வடிவத்துக்கு 7-7-7-5, மொத்தம் 26.

இந்த ஒலியலகு தமிழ் யாப்பின் அசை அல்ல. மாத்திரைக்குத்தான் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. குறில் ஒன்று, நெடில் இரண்டு என்பது இரண்டு மொழிக்கும் பொது. மெய்யெழுத்தில்தான் பிரிகிறோம். நமக்கு மெய் அரை மாத்திரை. அவர்களுக்கு 'ன்' என்ற ஒலியும், இரட்டிக்கும் மெய்யின் முதல் பாதியும் ஒரு முழு அலகு. 'நிப்பொன்' என்ற சொல் நம் கணக்கில் 3 மாத்திரை, அவர்கள் கணக்கில் 4 ஒலியலகு.

எனவே தமிழில் 5-7-5 என்று எழுத்தெண்ணி எழுதுவதால் ஜப்பானிய ஓசை வந்துவிடாது. நான் எண்ணுவதில்லை; எண்ணச் சொல்லியும் யாரையும் வற்புறுத்த மாட்டேன். ஆனால் ஜப்பானியக் கவிதையைப் படிக்கும்போது எண்ணத் தெரிந்திருக்க வேண்டும். தகுபொகுவின் கவிதையை எண்ணினால் 5-7-5-7-7 அப்படியே வந்து நிற்கும். வரி மூன்றானாலும் உள்ளே இருப்பது தன்காவின் எலும்புக்கூடு.

படி 2: தன்காவிலிருந்து தொடங்குங்கள்

ஹைக்கூவிலிருந்து தொடங்கினால் எல்லாம் குழம்பும். வயதில் மூத்தது தன்கா. 8-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'மன்யோஷூ'வில் சுமார் 4,500 பாடல்கள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ 4,200 தன்கா வடிவத்தில்தான் இருக்கின்றன. அந்தக் காலத்தில் சோகா என்ற நெடும்பாட்டும், 5-7-7-ஐ இருமுறை சொல்லும் செதோகாவும் இருந்தன. அவை மெல்ல வழக்கொழிந்தன, தன்கா நின்றது. இன்றும் ஆண்டுதோறும் ஜனவரியில் ஜப்பானிய அரண்மனையில் நடக்கும் கவிதை அரங்கில் படிக்கப்படுவது தன்காதான்.

தன்காவுக்கு மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டு அறைகள். மேலே 5-7-5, கீழே 7-7. பெரும்பாலும் மேல்பாதி ஒரு காட்சியைக் கொண்டுவரும்; கீழ்பாதி அதை மனத்துக்குள் திருப்பும். 9-ஆம் நூற்றாண்டுப் பெண் கவிஞர் ஓனோ நோ கொமாச்சியின் புகழ்பெற்ற பாடலை இப்படித் தமிழில் சொல்லலாம்:

பூவின் நிறம்
மங்கிப் போயிற்றே
வீணாக
நானும் இவ்வுலகில் நாள் கடத்தி
நீள்மழை பார்த்திருந்த வேளையில்

நடுவிலிருக்கும் 'வீணாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். மேலே பார்த்தால், பூ வீணாக மங்கியது. கீழே பார்த்தால், நான் வீணாக நாள் கடத்தினேன். ஒரே சொல் இரண்டு பக்கமும் திறக்கிறது. பூவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த கவிதை, நாம் உணரும் முன்பே தன் இளமையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறது. தன்கா பயில விரும்புகிறவர் இந்த ஒரு பாடலோடு ஒரு வாரம் இருக்கலாம்.

தன்காவில் 'நான்' வெளிப்படையாக வரலாம். காதலைச் சொல்லலாம், அழலாம், ஏங்கலாம். யோசானோ அகிகோ 1901-ல் வெளியிட்ட 'கலைந்த கூந்தல்' ஒரு பெண்ணின் உடலையும் ஆசையையும் தன்காவில் கூச்சமில்லாமல் பேசிப் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. 1987-ல் தவாரா மச்சி அன்றாடப் பேச்சுமொழியில் எழுதிய தன்காத் தொகுப்பு இருபது லட்சத்துக்கும் மேல் விற்றது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழைய வடிவம் ஒன்று இப்படி விற்றதற்குக் காரணம், மனம் விட்டுப் பேச அது தரும் இடம் என்றே நினைக்கிறேன்.

படி 3: தலைக்கவிதையும் பதில்கவிதையும்

இந்த வழிகாட்டியின் உயிர்நாடி இந்தப் பகுதிதான். அவசரமில்லாமல் படியுங்கள்.

தன்காவின் இரண்டு பாதிகளை இரண்டு பேர் எழுதினால் என்ன? ஒருவர் 5-7-5 சொல்ல, அடுத்தவர் 7-7 சொல்லி முடிக்க, மூன்றாமவர் அந்த 7-7-ஐப் பிடித்துப் புதிய 5-7-5 சொல்ல, இப்படியே நீண்டதுதான் 'ரெங்கா' என்ற தொடர்கவிதை. நூறு கண்ணி வரை போகும். 1488-ல் ரெங்காக் கவிஞர் சோகியும் அவருடைய இரண்டு மாணவர்களும் மினாசே என்ற ஊரில் கூடிப் பாடிய நூறு கண்ணிகள் இதன் சிகரமாகக் கருதப்படுகின்றன. பிற்காலத்தில், 17-ஆம் நூற்றாண்டில், கவிஞர் பாஷோவும் நண்பர்களும் 36 கண்ணிகளோடு முடித்துக்கொண்டார்கள்.

அந்தத் தொடரின் முதல் கண்ணிக்குப் பெயர் 'ஹொக்கு'. மற்ற கண்ணிகளுக்கு முன்னால் சாய்ந்துகொள்ள ஒரு கண்ணி உண்டு, ஹொக்குவுக்கு இல்லை. அது தனியாக நின்றாக வேண்டும். கூடியிருக்கும் நாளும் பருவமும் அதில் தெரிய வேண்டும். விருந்தாளி வீட்டுக்காரருக்குச் சொல்லும் வாழ்த்து போல அது அமையும். ஹைக்கூவின் இரண்டு பெரிய இலக்கணங்களான பருவச்சொல்லும் (பருவத்தைக் காட்டும் சொல்) வெட்டும் (கவிதையை ஓரிடத்தில் நிறுத்திப் பிரிப்பது) இந்த இடத்திலிருந்து வந்தவைதான். 1890-களில் மசவோகா ஷிகி (1867–1902) ஹொக்குவைத் தொடரிலிருந்து முற்றாகப் பிரித்துத் தனிக்கவிதையாக நிலைநிறுத்தி, அதற்கு 'ஹைக்கூ' என்ற பெயரை வழக்கில் கொண்டுவந்தார். 1916-ல் சுதேசமித்திரனில் 'ஜப்பானியக் கவிதை' என்று எழுதிய பாரதியார், ஹொக்கு என்ற பெயரையே பயன்படுத்தினார்.

இனி மறுபக்கம். தொடர்கவிதைக்குப் பயிற்சியாக ஒரு விளையாட்டு இருந்தது. நடுவர் ஒரு 7-7 கொடுப்பார். அதற்குப் பொருந்தும் 5-7-5-ஐ நீங்கள் கட்ட வேண்டும். 16-ஆம் நூற்றாண்டுத் தொகுப்பு ஒன்றில் இருக்கும் இந்த ஜோடி எனக்கு மிகவும் பிடித்தது. கொடுக்கப்பட்டது:

வெட்டவும் தோன்றுகிறது
வெட்டாமல் விடவும் தோன்றுகிறது

பதில்:

திருடனைப்
பிடித்து முகம் பார்த்தால்
என் சொந்த மகன்

வெட்டுவதா வேண்டாமா என்ற தவிப்புக்கு ஒரு முழுக் குடும்பக் கதையே பதிலாக வந்துவிட்டது. அடுத்த இருநூறு ஆண்டுகளில் எடோ என்ற நகரத்தில் (இன்றைய டோக்கியோ) இந்த விளையாட்டு சாமானிய மக்களின் போட்டியாக வளர்ந்தது. அதில் பெயர் பெற்ற நடுவர் கராய் சென்ரியு (1718–1790). அவர் தேர்ந்தெடுத்த பதில்களில், முன்கண்ணி இல்லாமலே புரிகிறவற்றை மட்டும் தொகுத்து 1765-ல் 'யனகிதரு' என்ற நூலின் முதல் தொகுதி வந்தது. 1840 வரை 167 தொகுதிகள் தொடர்ந்தன. நடுவரின் பெயரே வடிவத்தின் பெயராகிவிட்டது.

ஆக, ஹைக்கூவும் சென்ரியுவும் ஒரே 17 ஒலியலகுதான். ஒன்று தொடரின் தலையில் நின்றது, இன்னொன்று பதிலாகப் பிறந்தது. தலையில் நின்றதற்குப் பருவமும் வெட்டும் கட்டாயம். பதிலாக வந்ததற்கு அந்தக் கட்டாயம் இருந்ததே இல்லை. மனிதர்களைப் பற்றிச் சுருக்கென்று ஒன்றைச் சொன்னால் போதும்.

படி 4: வெட்டைத் தேடுங்கள்

ஒரு கவிதை ஹைக்கூதானா என்று பார்க்க நான் முதலில் தேடுவது வெட்டைத்தான். பாஷோ 1686-ல் எழுதிய தவளைக் கவிதை உலகத்துக்கே தெரியும்.

பழைய குளம்—
தவளை குதிக்கிறது
நீரின் சத்தம்

மூலத்தில் 'பழைய குளம்' என்பதற்குப் பிறகு 'யா' என்று ஓர் ஒலி வருகிறது. அதற்குத் தனிப்பொருள் இல்லை. அது ஒரு வெட்டுச்சொல். குளத்தை நம் முன்னால் வைத்துவிட்டு, ஒரு கணம் நிறுத்தி, பிறகு தவளைக்குப் போகிறது. 'பழைய குளத்தில் தவளை குதித்ததால் சத்தம் கேட்டது' என்று எழுதியிருந்தால் அது ஒரு செய்தி. வெட்டு விழுந்ததும் குளமும் சத்தமும் இரண்டு துண்டுகளாகின்றன, நடுவில் இருப்பதை நாம் நிரப்புகிறோம்.

'யா' தவிர 'கனா', 'கெரி' போன்ற வெட்டுச்சொற்களும் உண்டு. அவை பெரும்பாலும் கடைசியில் வந்து கவிதையை நிறுத்தும். தமிழில் இவற்றுக்கு நேர்ச்சொல் தேட வேண்டாம். ஒரு கோடு, ஒரு பெயர்ச்சொல்லோடு முடியும் முதல் வரி, வினைமுற்றைத் தவிர்ப்பது இவையே போதும். 'போல', 'அதனால்', 'ஆனால்' என்ற சொற்கள் உங்கள் கவிதையில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். எடுத்தபின் இரண்டு துண்டுகளும் ஒன்றையொன்று இழுக்கின்றனவா? இழுத்தால் ஹைக்கூ பக்கம் வந்துவிட்டீர்கள்.

படி 5: பருவம் இருக்கிறதா?

தவளை என்றால் வசந்தம், நிலா என்றால் இலையுதிர்காலம். ஜப்பானியக் கவிஞர்களிடம் 'சைஜிகி' என்ற பருவச்சொல் அகராதியே இருக்கும். ஒரே சொல் ஒரு பருவத்தின் வானிலை, உணவு, திருவிழா, மனநிலை எல்லாவற்றையும் கூட்டிவரும். கார்காலம் என்றதும் முல்லைத்திணையும் காத்திருக்கும் தலைவியும் நினைவுக்கு வருகிற நமக்கு இது அந்நியமான ஏற்பாடு அல்ல.

இங்கே ஒரு தவறான சூத்திரம் பரவியிருக்கிறது. 'இயற்கை என்றால் ஹைக்கூ, மனிதன் என்றால் சென்ரியு' என்பார்கள். இதை அப்படியே நம்பாதீர்கள். கொபாயாஷி இஸ்ஸா 1819-ல் தன் பெண்குழந்தை சாதோவை அம்மைநோய்க்குப் பறிகொடுத்தபின் எழுதியது இது:

பனித்துளி உலகம்
பனித்துளி உலகம்தான்
ஆனாலும், ஆனாலும்

இது முழுக்க ஒரு தகப்பனின் துக்கம். 'ஆனாலும்' கூட இருக்கிறது, நான் மேலே எடுக்கச் சொன்ன அதே சொல்லின் உறவுக்காரன். ஆனால் இங்கே அது காரணம் சொல்லவில்லை. உலகம் நிலையற்றது என்ற பௌத்தப் போதனையை ஒப்புக்கொண்டும், மனம் ஒப்பாமல் தடுமாறி நின்றுவிடுகிறது. பனித்துளி இலையுதிர்காலச் சொல். இது ஹைக்கூ.

பருவச்சொல் கட்டாயமும் இல்லாமல் 5-7-5-உம் இல்லாமல் ஹைக்கூ உண்டா? உண்டு. ஓசாகி ஹோசாய் (1885–1926) எழுதியது: 'இருமினாலும் தனிமை'. மூலத்தில் மொத்தமே 9 ஒலியலகு. கட்டற்ற ஹைக்கூ இயக்கத்தைச் சேர்ந்தவர் அவர். இருமல் சத்தம், அதைக் கேட்க ஆளில்லாத அறை, நடுவில் வெட்டு. விதிகளை விட்டாலும் வெட்டை அவர் விடவில்லை.

படி 6: சென்ரியுவின் குறி எங்கே?

யனகிதருவின் முதல் தொகுதியிலிருந்து ஒன்று:

அதிகாரியின் பிள்ளை
கையை மூடித் திறக்கும் விளையாட்டைச்
சீக்கிரம் கற்றுக்கொள்கிறது

கைக்குழந்தைகள் விரல்களை மடக்கி விரிக்கும் சாதாரண விளையாட்டுதான். ஆனால் அதிகாரியின் பிள்ளை என்றதும், அப்பா லஞ்சத்தை எப்படி வாங்கிக்கொள்கிறார் என்பது தெரிந்துவிடுகிறது. பருவம் இல்லை, வெட்டு இல்லை, ஒரே மூச்சில் ஓடும் வாக்கியம். குறி நேராக மனிதனின் மேல்.

சென்ரியு படர்க்கையில் சிரிக்கும். சிலசமயம் நம்மையும் சேர்த்துக்கொள்ளும். 'பெற்றோரைப் பேண மனம் வரும் வயதில் பெற்றோர் இல்லை' என்ற பழைய சென்ரியு ஜப்பானில் பழமொழியாகவே வழங்குகிறது. 1987 முதல் ஒரு காப்பீட்டு நிறுவனம் நடத்திவரும் அலுவலக ஊழியர் சென்ரியுப் போட்டிக்கு நாடெங்கிலுமிருந்து மக்கள் எழுதி அனுப்புகிறார்கள். மேலாளர், மனைவி, சம்பளம், புதுக் கணினி எல்லாம் அதில் மாட்டும்.

அதற்காகச் சென்ரியு என்றால் நகைச்சுவைத் துணுக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். சுரு அகிரா (1909–1938) என்ற சென்ரியுக் கவிஞர் சீனப் போர் தொடங்கிய 1937-ல் எழுதியதைப் பாருங்கள்.

கைகால்களைப்
பிய்த்தெறிந்து, மரக்கட்டையாக்கித்
திருப்பி அனுப்பினார்கள்

போர்க்களத்திலிருந்து வீடு வரும் சிப்பாய் இவன். அந்த ஆண்டே சுரு அகிரா கைது செய்யப்பட்டார். மறு ஆண்டு, காவலில் இருந்த நிலையிலேயே நோயுற்று 29 வயதில் இறந்தார். அதிகாரியின் பிள்ளையைப் பார்த்துச் சிரித்த அதே வடிவம்தான் இதையும் சொல்லியது.

தமிழில் ஈரோடு தமிழன்பன் 'ஒரு வண்டி சென்ரியு' என்று தனித் தொகுப்பே வெளியிட்டார். லிமரைக்கூவைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. ஆனால் லிமரைக்கூ ஜப்பானிய வடிவம் அல்ல. லிமெரிக் என்ற ஆங்கில நகைச்சுவைப் பாட்டின் இயைபும் ஹைக்கூவின் சுருக்கமும் சேர்ந்த கலப்பு. போட்டிகளில் இதை ஜப்பானிய வகைகளோடு ஒரே பட்டியலில் போடுவது வழக்கமாகிவிட்டதால் சொல்கிறேன்.

படி 7: கியோகாவும் தொதொயிட்சும்

ஹைக்கூவுக்குச் சென்ரியு எப்படியோ, தன்காவுக்குக் கியோகா அப்படி. அதே 31 ஒலியலகில் நையாண்டி. 1853-ல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரி நான்கு கறுப்புக் கப்பல்களோடு ஊராகா கடலில் வந்து நின்றபோது எழுந்த ஒரு கியோகாவின் மேலோட்டமான பொருள் இது: 'அமைதியான உறக்கத்தைக் கலைக்கும் ஜோகிசென் தேநீர், நாலே கோப்பை குடித்தேன், இரவெல்லாம் தூக்கமில்லை.' ஜோகிசென் என்பது உயர்ரகத் தேயிலையின் பெயர். அதே ஒலிக்கு நீராவிக்கப்பல் என்றும் பொருள். கோப்பையை எண்ணும் சொல்லே கப்பலையும் எண்ணும். இருநூறு ஆண்டுக்கு மேல் போரின்றி உறங்கிய நாட்டை நாலே கப்பல் எழுப்பிவிட்டது. காளமேகத்தின் இரட்டுறமொழிதலை ரசித்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

தொதொயிட்சு 19-ஆம் நூற்றாண்டில் ஷமிசென் என்ற நரம்பிசைக் கருவியோடு பாடப்பட்ட காதல் பாட்டு. 'காதலில் வெந்து கத்தும் சிள்வண்டைவிட, கத்தாத மின்மினியின் உடலே எரிகிறது' என்பது மிகவும் பரவலான ஒன்று. நாட்டுப்பாட்டின் இனிமை, நேரடிப் பேச்சு. இதைப் படிப்பதைவிடக் கேட்பது நல்லது.

படி 8: ஒரே பொருளை மூன்று முறை எழுதுங்கள்

படித்தது கையில் இறங்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. ஏதாவது ஒரு சாதாரணப் பொருளை எடுங்கள். நான் குடையை எடுக்கிறேன். முதலில் ஹைக்கூ:

முதல் மழை—
ஆணியில் தொங்கும் குடைக்குள்
ஒரு சிலந்தி

பருவம் இருக்கிறது, வெட்டு இருக்கிறது. கோடை எவ்வளவு நீண்டது என்று சொல்லவில்லை, சிலந்தி சொல்கிறது. அடுத்து சென்ரியு:

பக்கத்து வீட்டுக் குடை
மழை விட்ட மறுநாள்
நம் வீட்டுக் குடை

இதிலும் மழை வருகிறது. ஆனாலும் இது பருவச்சொல்லாக வேலை செய்யவில்லை. மனிதனின் குணத்தைக் காட்ட ஒரு சாக்கு மட்டுமே. இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். சொல் இருக்கிறதா என்று பார்த்தால் போதாது, அது என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். இப்போது தன்கா. ஹைக்கூவையே மேல்பாதியாக வைத்துக்கொள்கிறேன்.

முதல் மழை—
ஆணியில் தொங்கும் குடைக்குள்
ஒரு சிலந்தி
நீ இருந்தவரை அதை விரித்து உலர்த்தியது
யாரென்று நான் யோசித்ததில்லை

சிலந்தி அதேதான். கீழ்பாதி வந்ததும் வீட்டில் ஒருவர் இல்லை என்பது தெரிகிறது. ஹைக்கூவில் வாசகருக்கு விட்டுவைத்த இடத்தை, தன்காவில் கவிஞரே தன் குரலால் எடுத்துக்கொள்கிறார். எது உயர்ந்தது என்ற கேள்வி வேண்டாம். உங்களுக்குச் சொல்ல வேண்டியது 'நான்' இல்லாமல் நிற்குமானால் ஹைக்கூ. நிற்காதென்றால் தயங்காமல் தன்காவுக்குப் போங்கள். ஹைக்கூவில் சோகத்தைத் திணித்து மூன்றாம் வரியில் 'கண்ணீர்' என்று முடிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

படி 9: உரைநடையோடு சேர்க்க விரும்பினால்

உரைநடைக்கு நடுவே ஹைக்கூ வரும் வடிவம் ஹைபுன். பாஷோ 1689-ல் வடக்கு நோக்கி நடந்த பயணத்தை எழுதிய 'ஒகு நோ ஹோசொமிச்சி' இதன் தலைசிறந்த நூல். அவர் இறந்தபின் 1702-ல் அச்சானது. ஹிராய்சுமி என்ற ஊருக்கு வந்ததும், மூன்று தலைமுறை ஆண்ட ஃபுஜிவாரா குடும்பத்தின் பெருமை அழிந்து மாளிகை இருந்த இடம் வயலாகக் கிடப்பதை உரைநடையில் சொல்கிறார். பிறகு இந்த ஹைக்கூ:

கோடைப்புல்—
போர்வீரர் கனவுகளின்
எச்சம்

குலப்பெயரும் வரலாறும் உரைநடையிலேயே தங்கிவிட்டன. ஹைக்கூவுக்குள் புல்லும் கனவும் மட்டும் வந்தன. ஹைபுன் எழுதும்போது சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ஹைக்கூவை எடுத்துவிட்டு உரைநடையை மட்டும் படியுங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அந்த ஹைக்கூ ஏற்கெனவே சொன்னதைத் திரும்பச் சொல்கிறது, வேறொன்று எழுதுங்கள். அப்புறம், உரைநடையை எடுத்துவிட்டு ஹைக்கூவை மட்டும் படியுங்கள். அது தனியாக நிற்காவிட்டால், ஹொக்கு என்ற தலைக்கண்ணிக்கு இருந்த முதல் நிபந்தனையே தவறுகிறது. திரும்ப படி 4-க்குப் போய் வெட்டைச் சரிபாருங்கள்.